மேடை முழுக்க நீலப் பட்டு

பல் டாக்டருக்கு நாடகப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. ஒழுங்காகப் பல் பிடுங்கிக்கொண்டிருந்த மனுஷன். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ மழைநாட்டில் ஒருத்தர் எழுதி வைத்துவிட்டுப் போன நாடகங்களில் நாலைந்தை எடுத்து, ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கி, பாட்டும் கூத்துமாக ஒரு மந்திரக் கதை எழுதிவிட்டேன் என்று ஒருநாள் வந்து நின்றார். அதில் கப்பலைக் கவிழ்க்கிற புயல் உண்டு. அச்சில் வார்த்த மாதிரி இரட்டையர் உண்டு, அவர்களால் வருகிற ஆள்மாறாட்டம் உண்டு, காலை எடுத்து வைத்து நடந்து வருகிற காடு உண்டு. அந்தக் காட்டுக்கு ஒரு ராணி. டாக்டர் புத்தி எங்கே போகும், அவள் மயக்க ஊசி போட்ட மாதிரி நாடகம் பூராவும் தூங்குகிறாள். கடைசியில் கண் விழித்து, முதலில் கண்ணில் படுகிற ஆளின் மேல் காதல் கொள்கிறாள். அந்த ஆளுக்குக் கழுதைத் தலை.

இத்தனை பேருக்கும் உடுப்புத் தைக்கிற வேலை பெரியவள் தலையில் விழுந்தது. ஊர் அவளை டெய்லரம்மா என்று கூப்பிடும். தெருவைப் பார்த்த கடை, இரண்டு தையல் மிஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்க ஒரு ஓவர்லாக் மிஷின், துணி வெட்ட ஒரு நீள மேஜை, மாடியில் வீடு. கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் அப்படி இப்படி. அளவெடுக்கும்போதே, "போன தடவைக்கு இப்ப ரெண்டு இஞ்ச் கூடியிருக்கு, டேப்பு பொய் சொல்லாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். அவள் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டால் அந்த உடுப்பை உடுத்திக்கொண்டு தைரியமாக எங்கேயும் போகலாம்.

அந்த வீட்டில் அவளோடு இருப்பது அவள் தங்கை, சின்னவள். சின்னவள் பல் டாக்டரின் கிளினிக்கில் வேலை பார்த்தாள். டோக்கன் கொடுப்பது, ஃபைல் எடுப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக டாக்டரின் கையெழுத்தைப் படிப்பது. அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். டாக்டருக்கே தெரியாது. மருந்துக்கடைக்காரர் சீட்டைத் திருப்பி அனுப்புவார், சின்னவள் அதன் கீழே மணி மணியாக எழுதிக் கொடுப்பாள். நாடகத்தையும் அவள்தான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து டைப் அடித்தாள்.

பேச வேண்டாத வேலை அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது. அங்கே வாயைத் திறந்தவர்கள் யாராலும் பேச முடியாது. சின்னவள் ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் பாடியவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தார்கள், கெட்ட கட்டி இல்லை என்றார்கள், கும்பிட்டுவிட்டு வந்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. இப்போது அவள் பேசினால் புதுத் துணியைக் கையால் கிழிக்கிற சத்தம்தான் வரும். அதற்குப் பிறகு வீட்டில் பாட்டு என்ற பேச்சே கிடையாது. பெரியவள் ரேடியோவைக்கூடத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். சின்னவள் வேலைக்குப் போவாள், வருவாள், ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கா தைத்ததற்குப் பித்தான் வைப்பாள். விசேஷம் எதற்குக் கூப்பிட்டாலும் போக மாட்டாள்.

அப்படிப்பட்டவள் ஒரு சாயங்காலம் டைப் அடித்த கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "ராணி வேஷம் எனக்குக் குடுத்திருக்கார்" என்றாள்.

பெரியவளுக்குத் தலை கால் புரியவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவசர அவசரமாகப் பக்கங்களைத் திருப்பினாள். ராணிக்கு ஒரு வார்த்தை வசனம் இல்லை. தூங்குகிறாள், தூங்குகிறாள், தூங்கிக்கொண்டே இருக்கிறாள். கடைசிக் காட்சியில் ஒரே வரி: ராணி கண் விழிக்கிறாள். மேடை முழுக்க நீலப் பட்டு.

"பேசவே வேண்டாமா?"

"வேண்டாம். சும்மா நடந்து வந்தா போதும்."

நாலு பேர் முன்னால் வந்து நிற்கிறேன் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாளே, அது போதும் பெரியவளுக்கு. இதை எவனாவது கெடுத்தால் அவனைச் சும்மா விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

கப்பல் தலைவன் வேஷம் கட்டுகிற துணிக்கடைக்காரர், விற்காமல் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சுருள் நீலப் பட்டை நாடகத்துக்கு என்று கொடுத்தார். நாற்பது கஜம். மழை நின்ற பிறகு சாயங்கால வானம் கொஞ்ச நேரம் ஒரு நிறத்தில் இருக்குமே, அந்த நிறம். நாலு அகலமாக வெட்டி, நீளத்தில் ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்க வேண்டும். மெல்லிய துணி, தடித்த ஊசி பட்டால் இழை ஓடிவிடும். ஆகவே ஆகச் சன்னமான ஊசியைப் போட்டு, துணிக்கு அடியில் காகிதம் வைத்துத் தைத்து, பிறகு காகிதத்தைக் கிழித்து எடுத்தாள்.

ஒரு வாரம் அந்த வீட்டில் தரை என்று ஒன்று இல்லை. கடையிலிருந்து மாடிப்படி வழியாக ஏறி, கூடத்தைக் கடந்து, சமையலறை வாசல் வரைக்கும் நீலம் வந்து நின்றது. ஜன்னலைத் திறந்தால் கூடம் முழுக்க மெதுவாக மூச்சு விட்டது. இரண்டு பேரும் வெறுங்காலோடு ஓரமாகவே நடந்தார்கள். மத்தியான வெயில் பட்டின் மேல் விழுந்து சுவரிலும் கூரையிலும் நீலமாக அலைந்தது. பெரியவளின் கையும் நீலம், காபித் தம்ளரும் நீலம். ஒரு மத்தியானம் மிஷினிலேயே கண்ணயர்ந்தபோது, தண்ணீரை இரண்டாக மடித்து ஓரம் தைப்பதாகக் கனவு கண்டாள். எவ்வளவு தைத்தும் தையல் நிற்கவில்லை, ஆனால் கனவில் அவளுக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. விழித்துப் பார்த்தால் சின்னவள் எதிரே பட்டின் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து, அதன் ஓரத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று பெரியவளுக்குக் கணக்குத் தெரியவில்லை.

பட்டு எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும் என்று கேட்கத்தான் மறுநாள் அவள் கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் உள்ளே யாருக்கோ பல் சுத்தம் செய்துகொண்டிருந்தார். சின்னவள் மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். அவள் மேஜையில் டாக்டரின் நோட்டு கிடந்தது. சும்மா இருக்காமல் பெரியவள் அதை எடுத்துப் புரட்டினாள். கோழி கிளறிப் போட்ட குப்பை மாதிரி எழுத்து. ஒன்றும் பிடிபடவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வார்த்தையை டாக்டர் கட்டம் கட்டிப் பெரிதாக எழுதியிருந்தார்: பல்லவி. முதலில் பல் சம்பந்தமான ஏதோ வியாதி என்றுதான் நினைத்தாள். அப்புறம் பார்த்தால், அதன் கீழே நாலு வரி, இடம் விட்டு, நாலு வரி, இடம் விட்டு, நாலு வரி. மேலே ஒரு வரி. எழுத்துக் கூட்டிக் கூட்டி, கண்ணைச் சுருக்கிப் படித்தாள். மேடை முழுக்க நிலாப் பாட்டு.

பெரியவள் அதை மறுபடி ஒரு தடவை எழுத்துக் கூட்டினாள். இரண்டு காலை ஒடித்து, ஒரு சுழியைப் போட்டு, நிலாப் பாட்டை நீலப் பட்டாக்கி, பன்னிரண்டு வரியை அப்படியே முழுங்கியிருக்கிறாள் சின்னவள். கை தவறியது என்று சொல்லவும் வழியில்லை. ஊரில் யாராலும் படிக்க முடியாததைத் தினமும் படிக்கிறவள் இதிலா தவறுவாள்?

நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, வந்த வேலையைக் கேட்காமலேயே திரும்பி நடந்தாள். கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் இந்தக் குரலோடு பாடப் பயம், ஆனாலும் மேடையில் நிற்க ஆசை. வேறு என்ன செய்வாள் குழந்தை? விஷயம் தெரிந்தால் டாக்டர் வேஷத்தை வேறு பாடகிக்குக் கொடுப்பார், இவள் மறுபடி ஜன்னலோரம் போய் உட்காருவாள், இந்தத் தடவை எழுந்திருக்கவே மாட்டாள். ஆகவே வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்து, அந்த வாரம் முழுக்க உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்வியபடியே வேலை பார்த்தாள்.

நாடகத்துக்கு மூன்று நாள் இருந்தபோது கடைசி ஒத்திகை. ராணி விழிக்கிற காட்சியை அன்றைக்குத்தான் முதலில் எடுத்தார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளி, பட்டை முதல் தடவையாக மேடையில் விரித்தார்கள். அந்தப் பக்கம் ஆறு பேர், இந்தப் பக்கம் ஆறு பேர் நின்று மெல்ல அசைத்தபோது காற்று உள்ளே புகுந்து பட்டு வயிறு உப்பி எழுந்தது, இறங்கியது. மேல் ஜன்னல் வழியாக வந்த வெயில் அதற்குள் போய் வெளியே வர வழி தெரியாமல் சுற்றியது. அந்த நீலத்துக்கு நடுவில் சின்னவள் எழுந்து நின்றாள். பெரியவள் தைத்த வெள்ளை அங்கி, தலையில் இலைக் கிரீடம். இவள் என் கூடப் பிறந்தவளா என்று பெரியவள் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, இப்ப பாட்டு" என்றார் டாக்டர்.

"பட்டு வந்தாச்சே சார்" என்று கழுதைத் தலைக்குள்ளிருந்து குரல் வந்தது. அது பஸ் டிரைவர். மற்றப் பாட்டுக்கெல்லாம் மெட்டுப் போட்டவரும் அவர்தான்.

"பட்டு இல்லய்யா. பாட்டு."

"அதான் சார், பட்டு. நாப்பது கஜம்."

"கால் போட்டுச் சொல்லுய்யா. பாட்டு, பாட்டு."

"எங்க பேப்பர்ல கால் இல்லையே சார்."

டாக்டர் கோட்டுப் பையிலிருந்து டைப் அடித்த கட்டை எடுத்து, எழுதியதற்குப் பிறகு முதல் தடவையாகத் தன் நாடகத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். "நான் இந்தப் பட்டை டெய்லரம்மா கற்பனைன்னுல்ல நினைச்சேன்" என்றார்.

"ஆமா டாக்டர், நான்தான்" என்று பெரியவள் குறுக்கே பாய்ந்தாள். "நான்தான் மாத்தி அடிக்கச் சொன்னேன். எனக்குப் பட்டு மேல ஒரு ஆசை."

சின்னப் பிள்ளைகூட நம்பாத பொய். யாரும் ஒன்றும் சொல்வதற்குள் மேடையிலிருந்து, துணி கிழிகிற அந்தக் குரல் கேட்டது. "அக்கா பொய் சொல்றா. நான்தான் அப்படி அடிச்சேன். வேணும்னுதான் அடிச்சேன்." அங்கிருந்த பாதிப் பேர் அவள் குரலை அன்றைக்குத்தான் முதலில் கேட்டார்கள். பட்டை அசைத்துக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரும் கையை நிறுத்த, அது சுருங்கித் தரையில் படுத்தது.

பெரியவள் மேடையருகே போய் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவளால கூட்டத்துக்கு முன்னாடி பாட முடியாது டாக்டர். பாட்டை வேற யாராவது திரைக்குப் பின்னால நின்னு பாடட்டும். அவளைச் சும்மா நிக்க மட்டும் விடுங்க. பல்லுன்னா பிடுங்குங்க, இந்த வேஷத்தை அவகிட்டேருந்து பிடுங்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வேற யாராவது எப்படிம்மா பாட முடியும்?" டாக்டர் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். "மெட்டு அவங்களோடதுதானே. வார்த்தை மட்டும்தான் நான் போட்டேன்."

"எந்த மெட்டு?"

"தினமும் பாடுறாங்களே. மிஷின் ஓடும்போது."

சின்னவள் சட்டென்று டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். பல் குடைகிற மிஷின் போடுகிற இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்காது, பிறருக்கு எங்கே கேட்கப் போகிறது என்றுதான் அவள் இத்தனை நாள் இருந்தாள். டிரைவர் கழுதைத் தலையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். "எனக்கும் தெரியும். மூணு பல்லு அடைச்சேன், மூணு தடவையும் கேட்டேன். அந்தச் சத்தம் மட்டும் இல்லேன்னா நாற்காலியோட ஓடியிருப்பேன். யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா நிறுத்திடுவாங்களோன்னு பயம்."

ஊர்க்காரன் சொத்தைப் பல்லுக்கெல்லாம் பாடியிருக்கிறாள். இரண்டு வருஷமாகப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு மட்டும் ஒரு வரி கிடையாது. பெரியவள் தங்கையைக் கையைப் பிடித்து மேடை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். இருவர் காலிலும் பட்டு சுற்றிக்கொண்டு கூடவே வந்தது.

"ஏண்டி, வீட்ல மட்டும் ஏன் பாடலை? நான் என்ன பாவம் செஞ்சேன்?"

சின்னவள் கால் விரலைப் பார்த்துக்கொண்டே, "உன் முகம்தான்" என்றாள். "ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மறுநாள் குளிக்கும்போது ஒரு வரி பாடிப் பார்த்தேன். எனக்கு அது அவ்வளவு மோசமாத் தெரியலைக்கா. வேற யாரோ பாடுற மாதிரி இருந்துச்சு, சரி, இவளோட பழகிக்கலாம்னு நினைச்சேன். கதவைத் திறந்தா நீ வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறே. வீட்ல எழவு விழுந்த மாதிரி. அதுக்கப்புறம் ரேடியோவைத் தூக்கிப் போட்டே. நான் இருமினாக்கூட நல்லா இருக்குன்னு சொல்றே. மிஷினுக்கு முகம் கிடையாது. அதான் அது கூடப் பாடினேன்."

"அப்ப கூட்டத்துக்குப் பயந்து பாட்டை எடுக்கலையா?"

"கூட்டம் என்னை என்ன செய்யும்? நீ முதல் வரிசையில வந்து உக்காருவியே. அதுக்குப் பயந்துதான் எடுத்தேன்."

ஊரையே வாயால் வளைக்கிற பெரியவளுக்கு அழுகை முட்டியது, இப்போது அழுதால் அதுவும் அந்த முகம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். குனிந்து தங்கையின் காலில் சுற்றியிருந்த பட்டை விடுவித்தாள். "நான் முதல் வரிசையில உக்காரலை" என்றாள், குனிந்தபடியே. "இதுக்கு அடியில இருக்கேன். உள்ளே ஆள் இருந்து தூக்கினாத்தான் நடுவுல நல்லா எழும்பும். உனக்கு நான் தெரிய மாட்டேன். நீ பாடு."

சின்னவள் யோசித்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "மிஷின் வேணும்" என்றாள்.

"அதுக்கென்ன, கொண்டு வந்துடலாம்" என்றார் டாக்டர், நாடக மேடைக்குப் பல் மிஷின் கொண்டு வருவது எல்லாரும் செய்கிற காரியம் என்பது போல.

நாடகம் சாயங்காலம் ஆறு மணிக்கு. புயலில் கப்பல் கவிழ்ந்தது, துணிக்கடைக்காரர் வசனத்தை மறந்து இரண்டு தடவை மூழ்கினார். இரட்டையர் மாறி மாறி அடி வாங்கினார்கள். காடு நடந்து வந்து மேடைப்படியில் தடுக்கி விழுந்தது. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தணிந்து, நீலம் இரண்டு பக்கத்திலிருந்தும் மெல்ல வந்து மேடையை மூடியது.

பெரியவள் அதற்கு அடியில் முழங்காலில் நின்று, இரண்டு கையாலும் பட்டைத் தலைக்கு மேல் தாங்கிப் பிடித்திருந்தாள். உள்ளே வெளிச்சம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல் இருந்தது. தலைக்கு மேல் தான் போட்ட தையல் ஒரு ஒற்றையடிப் பாதை மாதிரி நீண்டு போனது. பட்டு தரையில் இறங்குகிற இடத்துக்கு மறுபுறம், கைக்கெட்டும் தூரத்தில், தங்கையின் இரண்டு பாதங்கள் நிழலாகத் தெரிந்தன. திரை மறைவில் டாக்டர் மிஷினை மிதித்தார். ங்ங்ங் என்று அது இரைந்தது. பார்க்க வந்தவர்கள் அதைக் காட்டுச் சில்வண்டு என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது.

மேலே தனியாப் போற நிலாவே, உனக்கும் தூக்கம் கலைஞ்சுதா? நான் முழிச்ச நேரம் பார்த்து நீயும் முழிச்சுக்கிட்டியா?

பெரியவள் காத்திருந்தது இந்தக் குரலுக்கு இல்லை. இரண்டு வருஷமாக அவள் காதில் பழைய குரல்தான் இருந்தது, கண்ணாடிக் குண்டு உருள்கிற மாதிரியான குரல். என்றைக்காவது அது திரும்பி வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள். இது வேறு. கீழே இருந்தது, கரகரத்தது, ஓரமெல்லாம் பிசிறு. ஆனால் அந்தப் பிசிறுக்குள் ஒருத்தி நெடுந்தூரம் தூங்கிவிட்டு எழுந்து சாவகாசமாக நடந்து வந்தாள். அவளை இதற்கு முன்னால் தான் பார்த்ததே இல்லை என்று பெரியவளுக்குத் தோன்றியது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரு தடவை நின்று கேட்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. கண்ணீர் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை, பார்க்கவும் ஆள் இல்லை.

இரண்டாவது சரணத்தில் டாக்டர் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டார். வேண்டுமென்று எடுத்தாரா, பாட்டில் மெய்மறந்து எடுத்தாரா என்று அவரையே கேட்டாலும் தெரியாது. சில்வண்டு நின்றது. மண்டபத்தில் அந்தக் குரல் மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு இடத்தில் தடுமாறியது, ஒரு மூச்சு வாங்கியது, பிறகு மேலே போனது. கழுதைத் தலைக்காரர் தான் மேடையில் இருப்பதை மறந்து உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடிந்து கை தட்ட ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு அக்காளும் தங்கையும் காலி மேடையில் பட்டை மடித்தார்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, உதறி, நடுவில் வந்து சேர்த்து, மறுபடி விலகி. நாலாவது மடிப்பில் இருவரும் நேருக்கு நேர் வந்தபோது சின்னவள், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

நல்லா இருந்துச்சு என்ற வார்த்தை பெரியவளின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கினாள்.

"ரெண்டாவது சரணத்துல தாளம் ஓடிடுச்சு. கடைசி வரியில மூச்சு பத்தாம ஒரு வார்த்தையை முழுங்கிட்டே. மேல் ஸ்தாயி இனிமே உனக்கு வராது, வராததைப் போய் ஏன் தொடுறே? கீழேயே பாடு. கீழே நீ பாடினா எங்கேயோ கொண்டு போகுது."

சின்னவள் பட்டின் முனையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். இரண்டு வருஷமாக அவளிடம் யாரும் குறை சொன்னதில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. "இன்னும்?" என்றாள்.

"மிஷின் நின்ன இடத்துல ஒரு அரை நொடி பயந்துட்டே. நான் கவனிச்சேன்."

"நீ உள்ளேருந்து பட்டை அந்த ஆட்டு ஆட்டினா யாருதான் பயப்பட மாட்டா? நிலாப் பாட்டுக்குப் புயல் மாதிரி."

"நான் எங்கடி ஆட்டினேன்? கை வலி."

"சரி, இன்னும் சொல்லு."

பெரியவள் ஒன்று விடாமல் சொன்னாள். வீடு போய்ச் சேரும் வரைக்கும் சொன்னாள், சின்னவள் ஒவ்வொன்றுக்கும் பதிலுக்குப் பதில் சண்டை போட்டுக்கொண்டே கூட நடந்தாள்.